பித்தளையில் பொறித்த பெயர்கள்

கைக்கு அடங்காத பருமனும் படிக்கல்லின் கனமும் உடைய ஒரு பித்தளைக் குழல். அதன் இரு முனைகளிலும் கண்ணாடி. குழலின் மேல் சாய்வெழுத்தில் ஒரு பெயர். பெயரை அடுத்து ஓர் ஊர். சிலவற்றில் ஓர் எண். 19ஆம் நூற்றாண்டின் ஒளிப்படக் கலைஞர்கள் தம் பெருந்தட்டுக் காமிராக்களின் முகப்பில் பொருத்திய லென்ஸ்கள் இன்று அருங்காட்சியகங்களிலும் ஆர்வலர்களின் பேழைகளிலும் இவ்வண்ணமே காணப்படுகின்றன.

அக்காலத்தில் படத்தைப் பின்னர்ப் பெரிதாக்கிக்கொள்ளும் வழக்கம் அரிது. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய தட்டையே காமிராவில் செருக வேண்டும். பள்ளிச் சிறுவனின் கற்பலகை அளவிலும் அதனினும் பெரிதாகவும் தட்டுகள் இருந்தன. அத்தகைய தட்டின் மூலை வரைக்கும் உருவத்தைக் கொண்டு சேர்ப்பது லென்ஸின் கடமை. அதனால் லென்ஸ் ஒற்றைக் கண்ணாடியாக நில்லாது, வெவ்வேறு வகைக் கண்ணாடியில் இழைத்த பல வில்லைகளின் கூட்டாயிற்று. அவ்வில்லைகளின் வளைவையும் இடைவெளியையும் வகுத்தவர் ஒருவர்; கண்ணாடியை உருக்கியவர் ஒருவர்; இழைத்து மெருகிட்டவர் ஒருவர்; விற்றவர் ஒருவர். பித்தளையிலோ பெரும்பாலும் ஒரு பெயருக்கே இடம் இருந்தது.

ஓலைச்சுவடிகளைப் புரட்டியவர்கள் இந்நிலையை அறிவர். ஏட்டின் இறுதியில் அதைப் பெயர்த்தெழுதியவரின் பெயரும் நாளும் இருக்கும். நூலை யாத்தவர் பெயர் இராது. எழுதியவர் பெயர் பொய்யன்று; ஆயினும் அதையே ஆசிரியர் பெயராகக் கொள்வது பிழை. பழைய லென்ஸ்களைச் செய்தோர் வரலாற்றை ஆராய்பவர்களும் பித்தளையில் உள்ள பெயரைப் படித்ததோடு அமையாமல், அப்பெயர் எந்த உரிமையால் அங்கு வந்தது என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள். அக்கேள்வி சிலருக்கு உரிய புகழைத் திருப்பித் தந்திருக்கிறது.

வியன்னாவில் இருவர்

1839ஆம் ஆண்டு டாகெரின் ஒளிப்பட முறை பாரிஸில் அறிவிக்கப்பட்டது. அவர் காமிராவுக்கு லென்ஸ் செய்தவர் பாரிஸ் கண்ணாடிக் கலைஞர் சார்ல் செவாலியே. கட்டடங்களையும் தெருக்காட்சிகளையும் அது தெளிவுறக் காட்டியது. எனினும் அது உள்ளே விட்ட ஒளி மிகக் குறைவு. ஒரு மனிதரைப் படம் எடுக்க வேண்டுமாயின் அவர் சுடர் வெயிலில் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். முகத்தை எழுத வந்த கலை முகத்தை எட்ட முடியாமல் நின்றது.

அறிவிப்பின்போது பாரிஸில் இருந்த வியன்னாப் பேராசிரியர் எட்டிங்ஸ்ஹவுசன் இக்குறையைத் தம் நண்பரும் கணிதப் பேராசிரியருமான யோசெஃப் பெட்ஸ்வாலிடம் எடுத்துரைத்தார். பெட்ஸ்வால் 1807இல் அன்றைய ஹங்கேரி நாட்டின் ஸ்பிஷ்ஸ்கா பெலாவில் பிறந்தவர். அவ்வூர் இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ளது. அதுவரை லென்ஸ் செய்தோர் இழைத்துப் பார்ப்பர். குறை கண்டால் மாற்றி இழைப்பர். பெட்ஸ்வால் இழைப்பதற்கு முன்பே கணக்கிட முனைந்தார். ஒளிக்கதிர் ஒவ்வொரு வில்லைப் பரப்பிலும் எவ்வளவு திரும்பும் என்பதை மடக்கை அட்டவணை கொண்டு படிப்படியாகக் கணிக்க வேண்டும். ஒருவர் தனியே செய்தால் ஆண்டுகள் கழியும். ஆஸ்திரியப் பீரங்கிப் படைக்குத் தலைவராயிருந்த இளவரசர் லுட்விக், கணக்கில் தேர்ந்த படைவீரர் சிலரை அவருக்குத் துணையாக அளித்தார். குண்டு விழும் தொலைவைக் கணித்துப் பழகிய கைகள் ஒளி செல்லும் வழியைக் கணித்தன.

1840இல் கணக்கு முற்றுப்பெற்றது. முன்புறம் ஒட்டிய இரு வில்லைகள். பின்புறம் இடைவெளி விட்ட இரு வில்லைகள். ஒளித்துளை எஃப் 3.6. டாகெரின் காமிராவில் இருந்த லென்ஸைவிட இது 15 மடங்குக்கும் மேலான ஒளியை உள்ளே விட்டது. நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடத்திற்கும் குறைந்த நேரத்தில் மனித முகம் தட்டில் பதிந்தது.

அதை இழைத்துக் கொடுத்தவர் பீட்டர் வில்ஹெல்ம் ஃப்ரீட்ரிக் ஃபோக்ட்லெண்டர். 1756 முதல் வியன்னாவில் கருவிகள் செய்துவந்த குடும்பத்தின் வழித்தோன்றல். பெட்ஸ்வாலுக்கு ஒரு முறை 2000 கில்டர் கொடுக்கப்பட்டது. பின்னர் லென்ஸ் ஆயிரக்கணக்கில் விற்றபோதும் அவருக்குப் பங்கில்லை. காப்புரிமையும் ஆஸ்திரியாவின் எல்லையோடு நின்றது. சில ஆண்டுகளில் இருவரும் பகைத்துப் பிரிந்தனர். 1849இல் ஃபோக்ட்லெண்டர் ஜெர்மானிய நகரமான பிரவுன்ஷ்வைக்கில் புதிய தொழிற்கூடம் அமைத்தார். பெட்ஸ்வால் டீட்ஸ்லர் என்ற வியன்னாக் கலைஞரைத் துணைகொண்டு 1850களில் தம் அடுத்த லென்ஸை வெளியிட்டார். ஃபோக்ட்லெண்டரும் பழைய வரைவுகளைக் கொண்டு அதே இனத்து லென்ஸை விற்கலானார். டீட்ஸ்லரின் தொழில் நொடித்தது.

1859இல் பெட்ஸ்வாலின் இல்லத்தில் திருடர் புகுந்து கையெழுத்துப் படிகளை அழித்தனர். ஒளியியல் குறித்து அவர் எழுதிவந்த பெருநூல் அத்துடன் மறைந்தது. பின்னர் அவர் அத்துறையை விட்டு விலகினார். 1891இல் வியன்னாவில் காலமானார். லென்ஸ் வீழ்த்தும் உருவம் சமதளத்தில் அமையாமல் கிண்ணம்போல் வளைவதை அளக்கும் கூட்டுத்தொகையை ஒளியியலார் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றனர். நிலவின் பள்ளம் ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

இனி அந்தப் பழைய குழலைப் பார்க்கலாம். ‘ஃபோக்ட்லெண்டரும் மகனும், வியன்னா’ என்று அதில் பொறித்திருக்கிறது. இது பொய்யன்று. கண்ணாடியின் ஒளிவிலகலை நுட்பமாக அளந்து, கணக்கில் கண்ட வளைவைக் கண்ணாடியில் கொண்டுவந்த திறன் அந்தக் குடும்பத்தினுடையது. அத்திறன் இன்றேல் பெட்ஸ்வாலின் கணக்கு தாளிலேயே தங்கியிருக்கும். எனினும் அந்தப் பொறிப்பு பாதி உண்மையே. மறுபாதி பேராசிரியருக்கும், எந்தக் குழலிலும் இடம்பெறாத பீரங்கிப் படைவீரர்களுக்கும் உரியது.

பாரிஸ் வழியே இலங்கைக்கு

ஆஸ்திரியக் காப்புரிமை பிரான்சைக் கட்டுப்படுத்தாது. பெட்ஸ்வாலின் அமைப்பைப் பாரிஸ் கலைஞர் பலரும் தடையின்றிச் செய்தனர். லெரெபூர், எர்மாழிஸ், டெரோழி, ஜாமேன் என நீளும் பட்டியலில், ஜாமேனின் தொழிலை 1860களின் தொடக்கத்தில் ஏற்ற அல்ஃபோன்ஸ் டார்லோ முதன்மையானவர். அவர் லென்ஸ்கள் கடல் கடந்தன. பாஸ்டன் நகரின் பெஞ்சமின் ஃப்ரெஞ்ச் நிறுவனம் அவற்றை அமெரிக்காவில் விற்றது. பாரிஸ் தொழிற்கூடங்களிலிருந்து பெயர் பொறிக்காமல் சென்ற குழல்களும் உண்டு. வாங்கிய வணிகர் தம் பெயரைப் பொறித்துக்கொண்டதும் உண்டு. ஆகவே இலண்டன் அல்லது நியூயார்க் கடைக்காரர் ஒருவரின் பெயரைக் கண்ட அளவில் அவரை லென்ஸ் செய்தவர் எனப் பட்டியலிடுதல் ஆராய்ச்சியாகாது.

இவ்வாறு பாரிஸிலிருந்து சென்ற ஒரு லென்ஸ் உலக ஒளிப்படக் கலையின் போக்கையே தொட்டது. 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் காமரானுக்கு 48ஆம் வயதில் மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அதில் இருந்தது 12 அங்குலக் குவியத் தூரமுடைய ஜாமேன் லென்ஸ். அதன் அமைப்போ பெட்ஸ்வாலுடையது. அத்தகைய லென்ஸ் நடுவில் தெளிவையும் ஓரத்தில் கலக்கத்தையும் தருவது. பெருந்தட்டில் மிக அருகே நின்று எடுத்தால் கண் தெளியும். காதும் கூந்தலும் கரையும். குறையென மற்றவர் ஒதுக்கியதை அவர் விரும்பி ஏற்றார். அவர் எழுதிய முகங்களை அக்காலத் திறனாய்வாளர் சிலர் தெளிவற்றவை எனப் பழித்தனர். பிற்காலம் அவற்றைக் கலையெனப் போற்றியது. 1866 அளவில் அவர் 30 அங்குலக் குவியத் தூரமுடைய டால்மேயர் லென்ஸுக்கு மாறினார்.

1875இல் காமரான் கணவருடன் இலங்கைக்குப் பெயர்ந்தார். கணவர் சார்லஸ் ஹே காமரான், இலங்கை ஆட்சிமுறையை மாற்றியமைத்த கோல்புரூக்–காமரான் பரிந்துரைகளில் பங்குகொண்டவர். மலையகத்தில் காப்பித் தோட்டங்கள் உடையவர். தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் உழைப்பில் எழுந்த தோட்டங்கள் நிறைந்த மலை அது. களுத்துறையில் காமரான் அம்மையார் எடுத்த படங்களில் உள்ளூர் மக்கள் பலர் தோன்றுகின்றனர். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் பெயர் உண்டு. களுத்துறைப் படங்களில் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் குறிக்கப்படவில்லை. அவர் 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் மறைந்தார். பொகவந்தலாவைக் கோயில் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். லென்ஸின் பின்னால் நின்றவர் பெயர் நிலைத்தது; லென்ஸை வகுத்தவர் பெயரும் அதன் முன்னால் அமர்ந்தவர் பெயரும் தேடிக் கண்டெடுக்க வேண்டியவையாயின.

ராஸின் மருமகன்

காமரான் பின்னர்ப் பயன்படுத்திய லென்ஸைச் செய்த ஜான் ஹென்றி டால்மேயர் 1830இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாப் பகுதியில் பிறந்தவர். 1851இல் இலண்டனுக்கு வந்து, புகழ்பெற்ற லென்ஸ் கலைஞர் ஆண்ட்ரூ ராஸிடம் பணியில் அமர்ந்தார். அவர் மகளை மணந்தார். 1859இல் ராஸ் மறைந்தபோது சொத்தில் மூன்றில் ஒரு பங்கும் தொலைநோக்கித் தொழிலும் மருமகனுக்குச் சென்றன. ஒளிப்பட லென்ஸ் தொழில் மகன் தாமஸ் ராஸுக்குச் சென்றது. சிறிது காலத்தில் டால்மேயரும் ஒளிப்பட லென்ஸ் செய்யத் தொடங்கினார். ஒரு குடும்பம், ஒரு நகரம், இரு பெயர்கள். ஒரே பயிற்சியில் வளர்ந்த இரு கிளைகளின் வேலைப்பாட்டைப் பொறிப்பின்றிப் பிரித்தறிவது எளிதன்று.

1866ஆம் ஆண்டு டால்மேயர் ‘ராபிட் ரெக்டிலீனியர்’ என்ற லென்ஸை வெளியிட்டார். ஒட்டிய இரு வில்லைகள் முன்னும், அவற்றின் நிழல்போல் ஒட்டிய இரு வில்லைகள் பின்னும் அமைந்தது அது. இருபுறமும் ஒத்திருப்பதால் ஒரு பாதியின் கோட்டத்தை மறுபாதி நேராக்கியது. கட்டடத்தின் நேர்கோடு படத்திலும் நேர்கோடாக நின்றது. அதே ஆண்டில் மியூனிக் நகரில் அடோல்ஃப் ஸ்டைன்ஹைல் ‘அப்லனாட்’ என்ற பெயரில் இதே அமைப்பை வெளியிட்டார். முந்தியவர் யார் என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. இருவரும் தனித்தனியே கண்டனர் என்பதே ஆராய்ந்தோர் முடிபு. ஸ்டைன்ஹைலுக்குத் துணையாயிருந்தது லுட்விக் ஸைடல் 1850களில் வெளியிட்ட லென்ஸ் குறைகளின் கணிதம். பெட்ஸ்வாலின் நூல் திருடர் கையில் அழிந்தது. ஸைடலின் கட்டுரை அச்சேறி உலகுக்குக் கிடைத்தது. அச்சேறாத அறிவு ஆளோடு போய்விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

டால்மேயர் 1883இல் நியூசிலாந்துக்கு அருகே கப்பலில் காலமானார். அவருடைய நிறுவனத்தின் விற்பனைப் பேரேடுகள் இலண்டனின் பிரென்ட் பகுதி ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வரிசை எண்ணைக் கொண்டு ஒரு லென்ஸ் எந்நாளில் எவருக்குச் சென்றது என்று தேட அவை இடந்தருகின்றன. இத்தகைய ஆவணம் வாய்த்த நிறுவனங்கள் மிகச் சில.

குக் செய்யாத ‘குக்’

பெயரும் ஆளும் பிரிந்து நிற்பதற்குத் தலைசிறந்த சான்று ‘குக்’ லென்ஸ். யார்க் நகரின் டி. குக் நிறுவனம் தொலைநோக்கி செய்வதில் பெயர்பெற்றது. அங்கே ஒளியியல் பொறுப்பில் இருந்த டென்னிஸ் டெய்லர், 1893இல் மூன்றே வில்லைகளால் பெருங்குறைகள் யாவற்றையும் அடக்கும் ஓர் அமைப்பைக் கண்டார். வெளியே இரு குவிவில்லைகள். நடுவே ஒரு குழிவில்லை. இதனினும் எளிமை கூடாது என்னும்படியான வடிவம். ஆனால் குக் நிறுவனம் ஒளிப்பட லென்ஸ் தொழிலில் இறங்க விரும்பவில்லை. உரிமை லெஸ்டர் நகரின் ‘டெய்லர், டெய்லர் அண்டு ஹாப்சன்’ நிறுவனத்துக்குச் சென்றது. அந்த டெய்லர்கள் இந்த டெய்லருக்கு உறவினர் அல்லர். அவர்கள் லென்ஸைச் செய்து, யார்க் நிறுவனத்துக்கு மதிப்பளித்து, ‘குக்’ என்றே பெயரிட்டனர்.

ஆகவே ‘குக்’ எனப் பொறித்த குழலைக் குக் செய்யவில்லை. கண்டவர் பெயர் டெய்லர், செய்தவர் பெயரும் டெய்லர், இருவரும் வேறு. பெயரொப்புமை கொண்டு புலவர் இருவரை ஒருவராக்கியும் ஒருவரை இருவராக்கியும் மயங்கிய இலக்கிய வரலாறுகளை அறிந்தோர்க்கு இச்சிக்கல் புதிதன்று.

ஜெர்மனியிலும் இதுவே நிலை. யேனா நகரின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடோல்ஃப் 1890இல் ‘அனஸ்டிக்மாட்’ வகையையும், 1902இல் ‘டெஸ்ஸார்’ லென்ஸையும் வகுத்தார். இவற்றைச் செய்யும் உரிமையை ஸைஸ் நிறுவனம் பிற நாட்டாருக்கும் வழங்கியது. இலண்டனில் ராஸ், பாரிஸில் க்ராவுஸ், அமெரிக்காவின் ராச்செஸ்டரில் பவுஷ் அண்டு லோம் ஆகியோர் தம் பெயரோடு ஸைஸ் பெயரையும் பொறித்தனர். வகுத்த ருடோல்ஃபின் பெயர் குழலில் இல்லை. எமில் ஃபான் ஹோயெக் என்னும் இளைஞர் தம் புதிய அமைப்பை முதலில் ஸைஸ் நிறுவனத்திடம் கொண்டுசென்றார், அவர்கள் ஏற்கவில்லை. பெர்லினில் கெர்ட்ஸ் நிறுவனம் அதை ஏற்று, அவரையும் பணியில் அமர்த்தியது. 1892இல் பிறந்த அந்த லென்ஸ் பின்னர் ‘டாகோர்’ என்ற பெயரால் பெருந்தட்டுக் கலைஞர்களின் பெருவிருப்பத்துக்கு உரியதாயிற்று. குழலில் நின்ற பெயர் கெர்ட்ஸ்.

கண்ணாடியும் கைகளும்

இவர்களுக்கெல்லாம் முன்னே கண்ணாடி உருக்கியவர்கள் இருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ஈயம் கலந்த கனத்த கண்ணாடியைப் பெரிய கட்டியாகக் கோடும் அலையும் இன்றிப் பெறுதல் அரிது. சுவிட்சர்லாந்தின் எளிய கைவினைஞர் பியேர் லூயி கினான், உருகிய கண்ணாடியைச் சூளைக்குள்ளேயே சுட்ட களிமண் கோலால் கலக்கும் முறையைக் கண்டு அக்குறையைத் தீர்த்தார். அம்முறை அவரோடு பவேரியாவுக்கும், அவருக்குப் பின் மகன் வழியாகப் பிரான்சுக்கும் பரவியது. அதை அறிந்த பொந்தாம் 1848இல் இங்கிலாந்தின் சான்ஸ் நிறுவனத்தை அடைந்தபோது இரகசியம் கால்வாய் கடந்தது. 1884இல் ஓட்டோ ஷாட், ஸைஸ் நிறுவனத்தின் எர்ன்ஸ்ட் அபேயோடு இணைந்து யேனாவில் புதுவகைக் கண்ணாடிகளை உருக்கத் தொடங்கினார். பேரியம் கலந்த அக்கண்ணாடிகள் இல்லையேல் ருடோல்ஃபின் அமைப்பும் ஹோயெக்கின் அமைப்பும் கைகூடியிரா.

கண்ணாடிக் கட்டியைப் பிளந்து, குறையற்ற துண்டைத் தெரிந்து, இரும்பு அச்சில் மணற்பொடியிட்டுத் தேய்த்து, கீல் பூசிய அச்சில் செம்பொடியால் மெருகேற்றி, பால்சம் என்ற பிசினால் இரு வில்லைகளை ஒட்டி, விளிம்பைச் சரிசெய்தவர்கள் பெயரற்ற தொழிலாளர்கள். அவர்களுள் சிலர் வில்லையின் விளிம்பில், குழலுக்குள் மறையும் இடத்தில், பென்சிலால் ஒரு குறியோ எண்ணோ இட்டுச் சென்றிருக்கின்றனர். எந்த வில்லை எந்த வில்லையோடு, எந்தப் பக்கம் நோக்கிப் பொருந்தும் என்பதற்கான அடையாளம் அது. நூறாண்டுக்குப் பிறகு குழலைத் திருகித் திறப்பவர் கண்ணில் அந்தக் கையெழுத்து படும்போது, பொறித்த பெயருக்கும் உள்ளே உழைத்த கைக்கும் இடையே உள்ள தொலைவு விளங்கும்.

குழலைப் படிக்கும் முறை

கல்வெட்டு அறிஞர் எழுத்தின் வடிவு கொண்டு காலம் கணிப்பதைப் போல, லென்ஸ் ஆராய்ச்சியாளரும் சில தடயங்களைக் கொண்டு முடிவுக்கு வருகின்றனர்.

முதலாவது ஊர்ப்பெயர். ஃபோக்ட்லெண்டர் குழல்களில் ‘வியன்னா’ என்றும், ‘வியன்னாவும் பிரவுன்ஷ்வைக்கும்’ என்றும், ‘பிரவுன்ஷ்வைக்’ என்றும் காணப்படும் வேறுபாடு நிறுவனத்தின் இடப்பெயர்ச்சியைத் தொடர்கிறது.

இரண்டாவது ஒளித்துளைத் தகடு. 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ், துளையிட்ட தகடுகளைக் குழலின் பக்கவாட்டுப் பிளவில் செருகும் முறையை அறிவித்தார். ஆகவே பிளவுடைய குழல் அதற்குப் பிற்பட்டது எனத் தோன்றும். ஆனால் பழைய குழலில் பின்னர்ப் பிளவு அறுத்துக்கொண்டவரும் உண்டு. அறுத்த விளிம்பின் முரட்டுத்தன்மை அதைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது எண்முறை. 1881இல் பிரிட்டனின் ஒளிப்படக் கழகம் துளை அளவுக்குத் தனியான எண்முறை ஒன்றை வகுத்தது. அதில் 4 என்பது இன்றைய எஃப் 8. 16 மட்டும் இரண்டிலும் ஒன்றே. அவ்வெண்கள் பொறித்த குழல் 1881க்கு முந்தியதாக இராது.

நான்காவது, குழலைத் திறவாமலே உள்ளமைப்பை அறியும் முறை. இருட்டறையில் ஒரு விளக்கை லென்ஸின் முன் பிடித்தால், ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சுடரின் பிம்பம் தோன்றும். காற்றைத் தொடும் பரப்பு ஒளிமிக்க பிம்பம் தரும். பிசினால் ஒட்டிய பரப்பு மங்கிய பிம்பம் தரும். டால்மேயரின் நேர்கோட்டு லென்ஸில் ஒளிமிக்கவை 4, மங்கியவை 2. டாகோரில் ஒளிமிக்கவை 4, மங்கியவை 4. குக் லென்ஸில் ஒளிமிக்கவை 6, மங்கியது இல்லை. பெட்ஸ்வாலின் லென்ஸில் ஒளிமிக்கவை 6, மங்கியது 1. டெஸ்ஸாரிலும் அதே கணக்கு வரும். ஆனால் பெட்ஸ்வாலில் மங்கிய பிம்பம் முன்பாதியில் தோன்றும். டெஸ்ஸாரில் பின்பாதியில் தோன்றும். எண்ணிக்கை மட்டும் போதாது. இடமும் அறிய வேண்டும். பித்தளையில் எவர் பெயர் இருப்பினும் சுடரின் பிம்பங்கள் அமைப்பின் மரபை மறைப்பதில்லை.

ஐந்தாவது வரிசை எண். நாள் குறித்த விலைச்சீட்டு, அன்பளிப்பு வாசகம், பரிசுப் பதிவு ஆகியவற்றோடு ஓர் எண் சேர்ந்து கிடைத்தால் அது காலக்கோட்டில் ஒரு முளைக்குச்சி. முளைக்குச்சிகள் பல கிடைத்தால் இடைப்பட்ட எண்களின் காலத்தை உய்த்துணரலாம். ஆயினும் எண் இட்ட ஆண்டு வேறாகவும் விற்ற ஆண்டு வேறாகவும் இருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது.

எழுதியவர் நின்ற இடம்

இத்துறையில் எழுந்த நூல்களையும் இதே விழிப்போடு படிக்க வேண்டும். 1899இல் ஒளிப்பட லென்ஸின் கோட்பாட்டையும் வரலாற்றையும் பெருநூலாக யாத்த மோரிட்ஸ் ஃபான் ரோர், யேனாவின் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். ஒளிப்பட வரலாற்றை விரிவாக எழுதிய யோசெஃப் மரியா ஏடர் வியன்னாக்காரர். பெட்ஸ்வாலின் புகழைக் காத்தவர்களுள் முதன்மையானவர். 1989இல் ஒளிப்பட லென்ஸின் வரலாற்றை எழுதிய ருடால்ஃப் கிங்ஸ்லேக் இலண்டனில் பயின்று, ராச்செஸ்டரின் கோடாக் நிறுவனத்தில் லென்ஸ் வகுக்கும் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். மூவரும் நேர்மையாளர், மூவருக்கும் இத்துறை பெரிதும் கடன்பட்டது. எனினும் ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்திலிருந்தே பார்த்தனர். நிறுவனங்களின் விளம்பர ஏடுகளையும் பழைய வழக்காடல்களையும் சான்றாகக் கொள்ள நேர்ந்த இடங்களில், வென்றவர் குரலே உரத்துக் கேட்பது இயல்பு.

அதனால் குழல், பேரேடு, நூல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டியிருக்கிறது. மூன்றும் உடன்பட்டால் ஒரு பெயரை எழுதலாம். உடன்படாவிடில் எழுதாமல் விடுவதே நன்று. பெயரற்ற குழல் ஒன்று கைக்கு வரும்போது அதற்குப் புகழ்பெற்ற பெயரைச் சூட்டிவிட ஆசை எழும். பெயர் ஏறினால் விலையும் ஏறும். அந்த ஆசைக்கு இடங்கொடுத்த பட்டியல்கள் பின்வந்தோரை நெடுங்காலம் அலைக்கழித்திருக்கின்றன.

நம் தொகை நூல்களைத் தொகுத்த பெரியோர் இதில் வழிகாட்டிகள். குறுந்தொகையிலும் புறநானூற்றிலும் பாடியவர் பெயர் அறியப்படாத பாடல்கள் உள்ளன. அவற்றைக் கபிலர் மீதோ பரணர் மீதோ ஏற்றியிருக்கலாம், அவர்கள் ஏற்றவில்லை. வேறு சில புலவர்க்கு அவர்தம் பாட்டில் ஒளிர்ந்த தொடரே பெயராயிற்று. செம்புலப் பெயனீரார் யாரென ஒருவரும் அறியார். அவர் செய்த உவமையை அறியாதாரும் இலர்.

பெயர் பொறிக்காத பாரிஸ் குழல்களையும் ஆராய்ச்சியாளர் ‘பெட்ஸ்வால் வகை, செய்தவர் பெயர் தெரியவில்லை’ என்றே குறிக்கின்றனர். அந்த ஒரு வரியில் வியன்னாவின் பேராசிரியருக்கு உரியது அவருக்குச் சேர்கிறது. பாரிஸில் அதை இழைத்தவருக்கு உரிய இடமோ வேறொருவர் பெயரால் அடைபடாமல் காலியாகவே விடப்படுகிறது. என்றேனும் ஒரு வில்லையின் விளிம்பில் பென்சில் எழுத்து ஒன்று படிக்கப்பட்டால், அந்த இடத்தில் அப்பெயரை எழுதலாம்.